மூட்டைப்பூச்சியை ஒழிக்க: கொதிதண்ணீரா, வெயிலா, மருந்தா, கொம்பனியா?

வீட்டில் மூட்டைப்பூச்சி இருப்பது தெரியவந்த அன்றைக்கே விசாரணை தொடங்கிவிடும். கொழும்பு போர்டிங்கில் இருந்து வந்த மகனின் பையிலா, ஏலத்தில் மலிவாக எடுத்த செற்றியிலா, அந்தியேட்டிக்கு வந்து நாலு நாள் தங்கிப்போன சொந்தக்காரரின் பெட்டியிலா வந்தது என்று ஆளாளுக்கு ஒரு சந்தேகம். விசாரணை முடியமுன்னமே வைத்தியமும் தொடங்கும். அம்மம்மா மண்ணெண்ணெய் பூசச் சொல்வா. அப்பா வயலுக்கு வாங்கிய மருந்தில் ஒரு மூடி மிச்சம் இருக்கிறது என்பார். பக்கத்து வளவு அண்ணை மெத்தையைக் கொளுத்திவிட்டுப் புதிசு வாங்கச் சொல்வார். பிள்ளைகள் யூரியூப்பில் பார்த்துவிட்டு அப்பச்சோடா தூவுவார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்து, காசும் போய், அடுத்த மாதம் பழையபடி சொறிந்துகொண்டு இருப்போம்.

இணையத்தில் கிடைக்கிற ஆலோசனைகளில் பெரும்பகுதி, துணி உலர்த்தும் மெசினும் கம்பளம் விரித்த தரையும் உள்ள வீடுகளுக்கு எழுதப்பட்டவை. வன்னியில், விசுவமடுவிலோ முள்ளியவளையிலோ மல்லாவியிலோ உள்ள வீட்டில் அது இரண்டும் இல்லை. ஆனால் கிணறு இருக்கிறது, விறகு இருக்கிறது, கட்டிலைக் கழற்றிப் போட முற்றம் இருக்கிறது, ஆறேழு மாதம் நல்ல வெயிலும் இருக்கிறது. இன்னொரு வசதியும் நமக்கு உண்டு. வன்னியில் வீடுகள் பெரும்பாலும் தனித்தனி வளவில் நிற்பவை. மாடிக் குடியிருப்புகளில் போலச் சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுப் பூச்சி ஊர்ந்து வராது. ஆட்களும் சாமான்களும் கொண்டுவந்தால்தான் உண்டு. ஆகவே இங்கே கணக்கு வேறு.

எந்த வழியை யார் சொன்னாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: அது முட்டையை என்ன செய்யும்? பெண் பூச்சி நாளுக்கு ஒன்றிரண்டு, சில நாள் நாலைந்து என்று முட்டை இட்டுக்கொண்டே இருக்கும். வாழ்நாளில் சில நூறு. முட்டை ஒரு மில்லிமீற்றர் நீளம், பால் வெள்ளை. மரப் பொருத்துக்குள்ளும் தையல் மடிப்புக்குள்ளும் பசை போட்டதுபோல் ஒட்டியிருக்கும். நமது வெக்கைக்கு ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாளில் பொரிக்கும். குஞ்சு ஐந்து தடவை தோல் கழற்ற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் முன்னர் ஒருதரம் இரத்தம் குடிக்க வேண்டும். முழுப் பூச்சியாகி முட்டையிட ஐந்தாறு வாரம். இதை வைத்துப் பார்த்தால் இன்றிரவு கண்ணில் பட்டதைக் கொல்வது ஒரு விஷயமே இல்லை. செருப்பே போதும். பத்தாம் நாள் பொரிக்கப்போவதை எது கொல்லும், அல்லது பொரித்தபின் முட்டையிடும் வயதுக்கு வரமுன் எது பிடிக்கும் என்பதில்தான் வழிகள் வேறுபடுகின்றன.

முதலில், அது மூட்டைதானா?

கடியை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நுளம்பு கடித்தாலும் தடிக்கும். ஒரே கட்டிலில் படுக்கிற இருவரில் ஒருவருக்குக் கைகால் முழுக்கத் தடிப்பு வரும், மற்றவருக்கு ஒன்றுமே தெரியாது. இருவரையும் அது கடித்துத்தான் இருக்கும். உடம்பு எடுத்துக்கொள்கிற விதம் அப்படி. விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பு மடிப்பிலும் அரிப்பு, இரவில் கூடுகிறது, வீட்டில் ஒவ்வொருவராகத் தொற்றுகிறது என்றால் அது பெரும்பாலும் சொறிச்சிரங்கு. அதற்கு ஆஸ்பத்திரியில் பூச்சுமருந்து தருவார்கள். கட்டிலைக் கொதிதண்ணீரால் குளிப்பாட்டி அது போகாது.

மூட்டைக்கு நல்ல சாட்சி கறுப்புப் புள்ளிதான். பேனை முனையால் தொட்டதுபோல, தையல் ஓரத்தில், கட்டில் பொருத்துக்குப் பக்கத்தில், கூட்டமாக இருக்கும். நனைத்த பஞ்சால் துடைத்தால் செம்மண்ணிறத்தில் கசியும்; குடித்த இரத்தத்தின் மிச்சம் அது. தூசி, பூஞ்சணம் அப்படிக் கசியாது. கூடவே வெளிறிய தேன் நிறத்தில் கழற்றிய தோல்கள் கிடக்கும். வளர்ந்த பூச்சி கொள்ளு விதை மாதிரி: அதே அளவு, அதே தட்டை, அதே கபிலம். குடித்துவிட்டால் நீண்டு, ஊதி, சிவந்துபோகும். பொரித்த குஞ்சு ஒன்றரை மில்லிமீற்றர்தான். குடிக்கமுன் கண்ணுக்கு இலேசில் தெரியாது.

தேட நல்ல நேரம் நள்ளிரவு கழிந்து விடியமுன். கைப்பேசி வெளிச்சத்தை விட நல்ல ரோச் ஒன்று வேண்டும். பழைய வங்கி அட்டையைக் கட்டில் பொருத்துக்குள் விட்டு மெதுவாக இழுத்தால் உள்ளே இருப்பது வெளியே வரும். கட்டிலோடு நிற்காதீர்கள். நுளம்பு வலையின் நாலு மூலை முடிச்சையும் அவிழ்த்துப் பாருங்கள். அதைப் பார்ப்பவர்கள் குறைவு, அங்கே அடைந்திருப்பது அதிகம். பாயின் ஓர மடிப்பு, பிரம்புக் கதிரையின் பின்னல், சுவரில் தொங்கும் கலண்டரின் பின்பக்கம், தலைமாட்டு மின்குமிழ் ஆளியின் மூடி, பூசாத கல் சுவரில் சாந்து விழுந்த வெடிப்பு. வீட்டோடு ஒட்டிய கோழிக்கூடு இருந்தால் அதையும். மூட்டை கோழியிலும் குடிக்கும்.

ஒரு ஆறுதல். மூட்டைப்பூச்சி கடித்து நோய் பரவுவதாக நிரூபணமில்லை. நித்திரை கெடும், சொறிந்த இடம் புண்ணாகும், அவ்வளவுதான். ஆகவே இரவோடிரவாக எதையாவது ஊற்றி அடிக்க வேண்டிய அவசரம் இல்லை. இதைச் சொல்லக் காரணம், இந்த விஷயத்தில் ஆட்களுக்குப் பெரிய கேடு பூச்சியால் வருவதில்லை, அவசரத்தில் எடுத்த மருந்தால் வருகிறது.

கொளுத்துவதும் எறிவதும்

மனதுக்குத் திருப்தி தருகிற வழி இதுதான், பலன் குறைந்ததும் இதுதான். மெத்தையில் இருப்பது ஒரு பங்கு. கட்டில் பொருத்திலும் சுவரிலும் வலையிலும் மிச்சம். புது மெத்தைக்கு அவை ஒரு வாரத்தில் குடிவரும். எறிகிற மெத்தையை வீட்டுக்குள்ளால் இழுத்துக்கொண்டு போகையில் வழியெல்லாம் உதிரும். ஒழுங்கையில் போட்டால் யாரோ எடுத்துப்போவார்கள். கிழிந்து, தும்பு வெளியே தள்ளி, உள்ளே புகுந்துவிட்ட மெத்தை என்றால் எறியத்தான் வேண்டும், வேறு வழியில்லை. அப்போது உரப்பைகளைப் பிரித்துத் தைத்தோ பொலித்தீனால் சுற்றியோ அறைக்குள்ளேயே கட்டி, குறுக்கே வெட்டி, வேறு யாருக்கும் பயன்படாதபடி அகற்றுங்கள். பஞ்சு மெத்தையை, அதாவது ஸ்பொஞ்ச் மெத்தையை, எரிக்கவே வேண்டாம். அந்தப் புகை நஞ்சு.

வெயில்

வன்னி வெயிலைப் பற்றி நமக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் மெத்தையை முற்றத்தில் போட்டுக் காயவைப்பதால் மூட்டை சாகும் என்பது பாதி உண்மைகூட இல்லை. வெப்பம் பூச்சியைக் கொல்லும்தான்: 50 பாகையில் வளர்ந்த பூச்சி சில நிமிடத்தில் செத்துப்போகும், முட்டைக்கு 55 பாகை வேண்டும். சிக்கல் என்னவென்றால் அந்த வெப்பம் மெத்தையின் நடுவுக்கும் அடிக்கும் போவதில்லை. 2006 இல் வெளியான ஒரு ஆஸ்திரேலிய ஆய்வில் மெத்தையைக் கறுப்புப் பொலித்தீனால் சுற்றி வெயிலில் வைத்து அளந்தார்கள். மேற்பக்கம் 85 பாகைவரை போனது. கீழ்ப்பக்கம் 37 பாகையைக்கூட எட்டவில்லை. பூச்சிக்குக் கால் இருக்கிறது. மேலே சுட்டால் கீழே இறங்கும்.

மெல்லிய சாமானுக்கு வெயில் நல்ல ஆயுதம். உடுப்பு, தலையணை உறை, பயணப்பை, பிள்ளைகளின் துணிப்பொம்மை போன்றவற்றைக் கறுப்புப் பொலித்தீன் பையில் ஒரு கைத் தடிப்புக்கு மேல் போகாமல் பரப்பி, வாயைக் கட்டி, சுட்டுக்கிடக்கிற சீமெந்துத் தரையிலோ தகரத்திலோ பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை வையுங்கள். இடையில் ஒருதரம் புரட்டுங்கள். புல்லின் மேல் வைத்தால் அடி சூடேறாது. சோளகக் காலத்தில் இது வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் மறந்துவிடுங்கள்.

வெயிலில் வைக்க முடியாத சின்னச் சாமானை ஐஸ்கிறீம் வைக்கிற ஆழ்குளிர்ப் பெட்டியில் வைக்கலாம். கழித்தல் 18 பாகையில் நாலு நாள் இருந்தால் முட்டையும் சாகும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டு பல வேளைகளில் அந்த அளவுக்குக் குளிராது.

கொதிதண்ணீர்

என்னைக் கேட்டால் வன்னி வீடுகளுக்கு முதல் இடம் இதற்குத்தான். பூச்சி, குஞ்சு, முட்டை மூன்றையும் கொல்லும். எந்தப் பூச்சியும் கொதிதண்ணீருக்குப் பழகிக்கொள்ளாது. செலவு விறகும் ஒரு நாள் உழைப்பும்.

கட்டிலை உள்ளே வைத்து ஊற்றுவதில் பயனில்லை. முற்றத்துக்குக் கொண்டுபோய்க் கழற்ற வேண்டும். தலைமாடு, கால்மாடு, இரண்டு பக்கச் சட்டம், குறுக்குப் பலகைகள் எல்லாம் தனித்தனியாக. சட்டம் காலுக்குள் செருகுகிற அந்தத் துளை இருக்கிறதே, அதைத்தான் குறிவைக்க வேண்டும். வாளியால் கோலி ஊற்றினால் தண்ணீர் பலகையில் பரவி ஆறிவிடும். மூக்குள்ள கேத்திலில், அடுப்பில் இருந்து எடுத்த கையோடு, துளைக்குள் மூக்கை வைத்து மெதுவாக ஊற்றுங்கள். முதலில் கறுப்புக் கழிவு கரைந்து மண்ணிறத் தண்ணீர் வரும், பிறகு தோல்கள், பிறகு பூச்சிகள் மிதந்து வரும். தண்ணீர் தெளிவாக வருமட்டும் ஊற்றிவிட்டு அடுத்த துளைக்குப் போங்கள். ஆணித் துளை, பலகையின் பிளவு, செதுக்கு வேலையின் இடுக்கு எல்லாவற்றுக்கும் இதே முறை. இரும்புக் கட்டில் என்றால் குழாயின் வாயைக் கண்டுபிடித்து உள்ளே ஊற்றுங்கள்; அங்கே முழுக் குடியிருப்பே இருக்கும். சின்னப் பிள்ளைகளை அந்த நேரம் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

விரிப்பு, தலையணை உறை, போர்வைக்கு நெல் அவிக்கிற கிடாரம் இருந்தால் அதைவிட வசதி இல்லை. இல்லாவிட்டால் பெரிய பானை. நுளம்பு வலையைக் கொதிக்கவிடாமல் கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் அரை மணி ஊறவையுங்கள். மருந்தூட்டிய வலை என்றால் அதிலுள்ள மருந்து குறையும். நுளம்பை மறிக்க வலை போதும், பரவாயில்லை.

மெத்தைக்கு ஊற்ற முடியாது. தும்பு மெத்தையின் தையல் ஓரத்துக்கு ஈரத் துணி போட்டு அதன்மேல் சூடான அயன்பெட்டியை அழுத்தி, ஓரம் ஓரமாக நகர்த்தினால் ஆவி உள்ளே இறங்கும். சிரட்டைக்கரி அயன்பெட்டி இன்னும் வீட்டில் கிடந்தால் அதன் பாரத்துக்கு இந்த வேலை திறமாக வரும். ஸ்பொஞ்ச் மெத்தைக்கு அயன் வேண்டாம், உருகும். ஒட்டுப்பலகையில் செய்த அலுமாரிக்குக் கொதிதண்ணீர் ஊற்றினால் ஊதிப்போகும். இந்த வழியின் எல்லை அங்கே முடிகிறது.

ஒருதரம் செய்தால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். சுவரில் இருந்த முட்டை தப்பியிருக்கும். எட்டு அல்லது பத்து நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு தரம் செய்யுங்கள். பொரித்த குஞ்சு முட்டையிடும் வயதுக்கு வரமுன் பிடிபட்டுவிடும்.

கடை ஸ்பிரே

நுளம்புக்கும் கரப்பானுக்கும் அடிக்கிற டின், நேரே பட்ட பூச்சியைக் கொல்லலாம். முட்டையில் அதற்கு நம்பிக்கை இல்லை; ஒளிந்திருப்பதை அது எட்டவும் மாட்டாது. போதாக்குறைக்கு எரிச்சல்பட்ட பூச்சிகள் அறை மாறும். ஒரு அறையில் இருந்த பிரச்சினை மூன்று அறைக்குப் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. இலங்கையில் மலேரியாவுக்கு எதிராக 1946 முதல் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி அடித்தார்கள். வயதானவர்களுக்கு மலேரியாக்காரர் வந்து மருந்தடித்தது ஞாபகம் இருக்கும். அந்தச் சுவர்களில் நுளம்பு மட்டும் இருக்கவில்லை. நமது நாட்டு மூட்டைப்பூச்சிகளைச் சோதித்து 2007 இல் வெளிவந்த ஆய்வில் அவை டி.டி.ரியைத் தாங்கி நிற்பது தெரிந்தது. இன்றைய டின்களில் இருக்கும் பேர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் எல்லாம் டி.டி.ரி தாக்கிய அதே நரம்பு வாசலைத்தான் தாக்குகின்றன. ஒன்றுக்குப் பழகியது மற்றதற்கும் பாதி பழகியதுபோலத்தான். ஆகவே லேபலைப் பாருங்கள். பெயர் ‘த்ரின்’ என்று முடிந்தால் எல்லாம் ஒரே குடும்பம். டின்னின் நிறத்தையும் கொம்பனியையும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

வாங்கியே தீர்வதென்றால் மூட்டைப்பூச்சிக்கு என்று லேபலில் எழுதியதை வாங்கி, கொதிதண்ணீர் எட்டாத சுவர் வெடிப்புக்கு மட்டும் பாவியுங்கள். மெத்தைக்கு மேல், பிள்ளை படுக்கிற விரிப்புக்கு மேல் அடிக்காதீர்கள். மூடிய அறையில் பத்தவைத்து விடுகிற புகைக் குண்டுகளும் இதே கதைதான். புகை நடுவில் நிற்கும், பூச்சி இடுக்கில் நிற்கும்.

வயல் மருந்து

இதை ஒரு தெரிவாகவே ஒப்பிடக்கூடாது. ஆனால் வன்னியில் இது கைக்கெட்டுகிற தூரத்தில் இருப்பதால் எழுத வேண்டியிருக்கிறது. முதுகில் போடுகிற மருந்தடிக்கும் மெசினும் பாதிப் போத்தலும் பத்தியில் கிடக்கும். நெல்லில் தத்திப் பூச்சியைக் கொன்ற மருந்து மூட்டையைக் கொல்லாதா என்று ஒருவர் கேட்பார். திறந்த வயலில் காற்றோடு போகிற நஞ்சு, மூடிய அறையில் சுவரிலும் மெத்தையிலும் மாதக்கணக்கில் நிற்கும். அதன்மேல் எட்டு மணித்தியாலம் முகம் வைத்துப் படுக்கப்போகிறோம். இலங்கை 1995 இல் மொனோகுரோட்டோபோஸ், மெதமிடோபோஸ் ஆகியவற்றையும் 1998 இல் எண்டோசல்பானையும் தடைசெய்தது சும்மா இல்லை. பழைய போத்தலில் என்ன இருக்கிறது என்று லேபல் கிழிந்தபின் யாருக்கும் தெரியாது.

நெல் களஞ்சியத்தில் வண்டுக்கு வைக்கிற அலுமினியம் பொஸ்பைட் குளிசை இன்னும் மோசம். ஈரக்காற்றுப் பட்டதும் பொஸ்பீன் வாயு வரும். அது முட்டையையும் கொல்லும். பக்கத்து அறையில் படுத்திருப்பவரையும் கொல்லும். கதவைப் பூட்டிவிட்டு வெளியே படுத்தால் போதும் என்பது பொய். சுவர் இடுக்கால் கசியும்.

ஏற்கெனவே யாராவது அடித்துவிட்டு வாந்தி, அதிக வியர்வை, வாயில் நீர் ஊறல், மூச்சுமுட்டல் என்றால் 1990 அம்பியூலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள், போத்தலையும் கையோடு எடுத்துப்போங்கள்.

மண்ணெண்ணெய், வேம்பு, மற்றவை

மண்ணெண்ணெய் பட்ட பூச்சி சாகும். காய்ந்தபின் அதற்குப் பலன் இல்லை, முட்டையும் பெரும்பாலும் தப்பும். கட்டிலுக்குக் கீழே நுளம்புத்திரி கொளுத்துகிற வீட்டில் மரத்துக்கு மண்ணெண்ணெய் பூசுவது எவ்வளவு புத்தி என்று சொல்லத் தேவையில்லை. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்குப் பாய்ந்த பிறகு அது மலிவான வைத்தியமும் இல்லை. வேப்பெண்ணெய் நேரே பட்டால் ஓரளவு செய்யும். பாயின் கீழ் வேப்பிலை விரிப்பது மனத் திருப்திக்குத்தான். நொச்சிப் புகைக்கு நுளம்பு விலகும், மூட்டை இன்னும் உள்ளே போகும். அப்பச்சோடா, பூச்சி உருண்டை இரண்டையும் மறந்துவிடலாம்.

கட்டிலைத் தனித்தீவாக்குவது

இது தனியாக ஒரு வழி இல்லை, ஆனால் எந்த வழியோடும் சேர்க்க வேண்டியது. கட்டிலைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். விரிப்பு நிலத்தில் தொங்கக்கூடாது. வலையைத் தொங்கவிடாமல் மெத்தைக்குக் கீழ் செருகுங்கள். நாலு காலுக்கும் நாலு கிண்ணம். வெளிநாட்டில் இதற்கென்று விற்கிற வழுவழுப்பான பிளாஸ்ரிக் கிண்ணங்களைப் பார்த்து வெறும் கிண்ணம் வைப்பவர்கள் உண்டு. அவை குளிர்நாட்டு மூட்டைக்குச் செய்தவை. நமது வெப்பநாட்டு இனம் வழுவழுப்பான சுவரிலும் ஏறக்கூடியது; 2017 இல் மலேசிய ஆய்வாளர்கள் இரண்டையும் ஏறவிட்டுப் பார்த்து அதை எழுதினார்கள். ஆகவே கிண்ணத்தில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். டெங்குக் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருக்கால் தண்ணீரை மாற்றுங்கள். காலையில் கிண்ணத்தைப் பார்த்தால் எத்தனை மிதக்கிறது என்பதும் தெரியும், நமது வேலை பலிக்கிறதா என்பதும் தெரியும்.

நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்குத் தீவு சாத்தியமில்லை. பன்பாயை விட ஓர மடிப்பில்லாத பிளாஸ்ரிக் பாய் இந்தக் காலத்துக்கு நல்லது. பாயைச் சுவரில் சாத்திவைக்காமல் தினமும் வெளியே கொடியில் போடுங்கள்.

சிலர் அறையைப் பூட்டிவிட்டு விறாந்தையில் படுப்பார்கள், பட்டினி கிடந்து சாகட்டும் என்று. நமது வெக்கையிலும் அது இரண்டு மாதத்துக்கு மேல் பட்டினி தாங்கும். அதற்குள் பசித்தது விறாந்தைக்கு வந்துவிடும்.

கொம்பனியைக் கூப்பிடுவது

கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ வருகிற பூச்சி ஒழிப்புக் கொம்பனி பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ கொழும்பிலோ இருந்து வரும். ஏ9 பயணச் செலவும் பில்லில் சேரும். காசு கொடுக்கமுன் மூன்று விஷயம் கேளுங்கள். என்ன மருந்து, அதன் பெயர் என்ன, பீடைகொல்லிப் பதிவாளரிடம் பதிவான மருந்தா? இரண்டு வாரத்துக்குள் மறுபடி வருவீர்களா, அது இந்தக் காசுக்குள் அடங்குமா? வரமுன் நாங்கள் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு ‘ஒன்றும் தேவையில்லை, நாங்கள் பார்த்துக்கொள்வோம்’ என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள். கட்டிலைக் கழற்றாமல், அலுமாரியை நகர்த்தாமல் அடிக்கிற மருந்து தரைக்கு அடித்த மருந்து. ஒருதரம் வந்து அடித்துவிட்டு ‘ஆறு மாத உத்தரவாதம்’ என்று துண்டு தருவதும் அப்படித்தான். முட்டை அந்தத் துண்டை வாசிக்காது.

எந்த வீட்டுக்கு எது

பூசிய சீமெந்துச் சுவர், மரக் கட்டில் இரண்டு, தும்பு மெத்தை, பிளாஸ்ரிக் கதிரைகள் என்று இருக்கிற வீட்டுக்குக் கொம்பனி தேவையே இல்லை. கொதிதண்ணீர் மூன்று தரம், உடுப்புக்கு வெயில், கட்டிலுக்குக் கிண்ணம். ஒன்றரை மாதத்தில் முடிக்கலாம்.

வீட்டுத்திட்டத்தில் கட்டி இன்னும் பூசாமல் நிற்கிற கல் சுவர் என்றால் சுவர்தான் பிரதான பகை. அங்கே கொதிதண்ணீரோடு இன்னொன்றும் வேண்டும்: வெடிப்புகளையும் கல் இடுக்குகளையும் கட்டில் உயரத்துக்காவது சாந்தால் அடைத்துவிடுங்கள். உள்ளே இருப்பது உள்ளேயே கிடந்து சாகும். ஒரு மூடை சீமெந்து, பத்து ஸ்பிரே டின்னைவிட நீண்டகாலம் வேலை செய்யும். இதை யாரும் மூட்டைக்கு மருந்தாக நினைப்பதில்லை.

குஷன் செற்றியும் ஒட்டுப்பலகை அலுமாரியும் மரக் கூரைத்தட்டும் உள்ள வீட்டில் மட்டும்தான் நான் கொம்பனிக்கு ஓம் என்பேன். ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகள் தங்குகிற விடுதி, கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பக்கத்து மாணவர் அறைகள் போன்ற இடங்களுக்கும் அதுதான். அங்கே ஒரு அறைக்கு மட்டும் செய்வது வீண். எல்லா அறைக்கும் ஒரே நாளில் செய்ய வேண்டும். தங்கியிருக்கும் பிள்ளைகள் ஆளுக்கு ஆள் காசு போட்டுச் செய்யப்போனால் ஒருவர் தவறுவார். கட்டிட உரிமையாளரின் பொறுப்பாக்குங்கள். அவர் அசையாவிட்டால் பிரதேசத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம்.

கைக்குழந்தையோ இழுப்புக்காரரோ உள்ள வீட்டில் எந்த மருந்தையும் கடைசிக்குத் தள்ளுங்கள், கொம்பனி மருந்தையும் சேர்த்து.

கடைசிக் கடிக்கு எட்டு வாரம் கழிந்தும் கிண்ணத்தில் ஒன்றும் இல்லை, புதுப் புள்ளி இல்லை என்றால் முடிந்தது. அதற்குள் ஒன்றைக் கண்டால் நசுக்கமுன் அளவைப் பாருங்கள். ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர்க் குஞ்சு என்றால் அதே அறையில் ஏதோ ஒரு இடுக்கு தவறியிருக்கிறது. வலை முடிச்சிலும் கட்டில் துளையிலும் இருந்து மறுபடி தேடத் தொடங்குங்கள். ஒரேயொரு வளர்ந்த பூச்சி, சுற்றவரத் தோலும் இல்லை, புள்ளியும் இல்லை என்றால் பெரும்பாலும் அது புதிதாக வந்தது. அந்த வாரம் இரவு பஸ்ஸில் வந்திறங்கிய பையை இன்றைக்கே கறுப்புப் பொலித்தீனுக்குள் போட்டு வெயிலில் வையுங்கள்.